தூங்கியது யார் குற்றம்?

அடுத்த பத்து நிமிடத்துக்கு நீங்கள்தான் நீதிபதி. கறுப்புக் கோட்டு, சுத்தியல் எல்லாம் வேண்டாம். உட்கார்ந்திருக்கிற நாற்காலியே போதும். உங்கள் முன்னால் இரண்டு வழக்குகளை வைக்கிறேன்.

முதல் வழக்கு. 1987 மே மாதம், கனடாவில் டொரன்டோ நகரத்தை ஒட்டிய பகுதி. 23 வயது இளைஞர். சூதாட்டத்தில் பணத்தை விட்டவர். கம்பெனிப் பணத்தில் கை வைத்து, வேலை போய், வழக்கும் வந்துவிட்டது. அந்தக் கவலையில் சரியாகத் தூக்கமில்லை. ஒரு நாள் ராத்திரி சோபாவில் படுத்துத் தூங்கியவர், நடுவில் எழுந்தார். காரை எடுத்தார். சுமார் 23 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனார். மாமியாரைக் கொன்றார். மாமனாரைப் படுகாயப்படுத்தினார். பிறகு அதே காரில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், யாரையோ கொன்றுவிட்டதாகச் சொன்னார். இரண்டு கையிலும் ஆழமான வெட்டுக் காயம். அதையே அவர் அப்போதுதான் கவனிக்கிறார்!

மாமியாருக்கும் அவருக்கும் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கொலையால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. 'அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்' என்பதுதான் அவர் தரப்பு வாதம்.

இரண்டாவது வழக்கு. 2001 பிப்ரவரி 28, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். விடிந்தும் விடியாத ஆறேகால் மணி. லேண்ட் ரோவர் வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஒருவர் நெடுஞ்சாலையில் போகிறார். முந்தைய இரவு முழுக்க ஒரு தோழியோடு போனில் பேச்சு. தூங்கவே இல்லை என்றது போலீஸ். வண்டி சாலையை விட்டு விலகி, சரிவில் உருண்டு, கீழே இருந்த தண்டவாளத்தில் போய் நின்றது. மனிதர் வெளியே குதித்து அவசர போலீஸுக்குப் போன் செய்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே லண்டன் செல்லும் பாசஞ்சர் ரயில் வந்து வண்டியில் மோதி, தடம் புரண்டு, எதிரே வந்த நிலக்கரி ரயிலோடு முட்டியது. 10 பேர் இறந்தார்கள். செல்பி ரயில் விபத்து என்று இன்றைக்கும் அங்கே சொல்கிறார்கள்.

தான் தூங்கவே இல்லை என்று கடைசி வரை சாதித்தார் அவர்.

சரி, தீர்ப்பு சொல்லுங்கள். யாருக்குத் தண்டனை?

நடந்தது இதுதான். தன் கையாலேயே கொன்ற முதலாமவரை ஜூரிகள் விடுதலை செய்தார்கள். 1992-ல் கனடா சுப்ரீம் கோர்ட்டும் அது சரிதான் என்றது. யார் மேலும் கை வைக்காத இரண்டாமவருக்கு ஐந்து வருடம் சிறை.

'என்னய்யா இது அநியாயம்!' என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், இரண்டு தீர்ப்புகளும் ஒரே ஒரு விதியைத்தான் சொல்கின்றன. தூங்குகிற மனிதரிடம் குற்றம் கிடையாது. தூங்குவதற்கு முன்னால் விழித்திருந்தாரே, அந்த மனிதரிடம்தான் கேள்வி. முதலாமவர் படுக்க வேண்டிய இடத்தில் படுத்தார். அதன் பிறகு நடந்தது எதுவும் அவர் கையில் இல்லை. இரண்டாமவர் தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல், தூங்கக் கூடாத இடத்துக்குத் தெரிந்தே வந்து உட்கார்ந்தார்.

இந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும்? அதைப் பார்க்க, தூக்கம் என்ற சமாசாரத்துக்குள் கொஞ்சம் போய்விட்டு வர வேண்டும்.

தூக்கம் என்பது ஸ்விட்சை அணைப்பது மாதிரி இல்லை. ஒரு ராத்திரியில் மூளை சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நாலைந்து தடவை மாடிப்படி இறங்கி ஏறுகிறது. லேசான தூக்கம், நடுத்தரத் தூக்கம், ஆழ்ந்த தூக்கம், அப்புறம் கனவுத் தூக்கம். இந்தக் கனவுத் தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் விழிகள் இங்கும் அங்கும் ஓடும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அந்த நேரத்தில் மூளை பரபரப்பாக இருக்கும். ஆனால் கை, கால் தசைகள் கட்டிப் போட்ட மாதிரி கிடக்கும். கனவில் ஓடுகிறவர் நிஜத்தில் கட்டிலை விட்டு ஓடாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். சிலருக்கு வயதான பிறகு இந்தக் கட்டு அவிழ்ந்துபோகும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கனவில் விழ வேண்டிய உதை நிஜமாகவே விழும். அது ஒரு வியாதி.

தூக்கத்தில் நடப்பது வேறு. அது பெரும்பாலும் ராத்திரியின் முதல் பகுதியில், ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கும். நடப்பதற்கும் கதவைத் திறப்பதற்கும் தேவையான பகுதிகள் விழித்துக்கொள்ளும். 'இது சரியா, தப்பா' என்று பார்க்கிற பகுதி தூங்கிக்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு இது சகஜம். 'சாமி வந்திருக்கு', 'காத்து கறுப்பு' என்று பயந்து மந்திரிக்க அழைத்துப்போவார்கள். பெரும்பாலும் வளர வளரத் தானாகவே போய்விடும்.

ஆக, தூக்கத்தில் நம் விருப்பம் என்று எதுவும் செல்லுபடியாகாது. இது இரண்டு பக்கமும் உண்மை. தூக்கம் வராமல் புரள்கிறவர்களைக் கேளுங்கள். 'இப்பத் தூங்கியே ஆகணும்' என்று எவ்வளவு வைராக்கியமாக முயற்சி செய்கிறார்களோ, அவ்வளவு தூரம் அது தள்ளிப் போகும். அதே வைராக்கியத்தோடு 'தூங்கவே மாட்டேன்' என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரிடம் கேளுங்கள். அவரையும் அது கேட்காமலே வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். கூப்பிட்டால் வராது, விரட்டினால் போகாது.

ஏன் போகாது? இங்கேதான் என் பி.காம். படிப்பு கொஞ்சம் உதவுகிறது.

நாம் விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்துகொண்டே போகிறது. அதை ஒரு கடன் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி ஏற ஏற, கண் சொக்குகிறது. தூங்கினால்தான் பாக்கி குறையும். வேறு வழியே இல்லை. டீ, காபி குடித்தால் தெளிகிறதே? அதிலிருக்கிற காஃபீன், அடினோசின் வந்து தட்டுகிற கதவைப் போய் அடைத்துக்கொள்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற மாதிரி. கடன் அடையவில்லை. தட்டுகிற சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாக்கி ரொம்ப ஏறிவிட்டால், மூளை நம்மைக் கேட்காமலே வசூல் செய்துகொள்ளும். கண் திறந்திருக்கும்போதே சில விநாடி தூங்கிவிடும். 'மைக்ரோ ஸ்லீப்' என்கிறார்கள். நாலு விநாடிதானே என்கிறீர்களா? 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பஸ் நாலு விநாடியில் சுமார் 90 மீட்டர் போய்விடும். அந்த 90 மீட்டரும் பஸ்ஸில் டிரைவர் இல்லை.

1997-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு பரிசோதனை இன்னும் தெளிவாகச் சொன்னது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கிறவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் குடித்துவிட்டு ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் வரம்பு 0.03! காலை ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி பத்து மணியோடு 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. குடித்தவரை ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். தூங்காதவரை எதை ஊதச் சொல்வது?

'அதான் தூக்கம் வரும்போது தெரியுமே! வண்டியை ஓரம்கட்ட வேண்டியதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். செல்பி தீர்ப்பின் பின்னால் இருக்கும் வாதமும் அதுதான். தூக்கம் சொல்லாமல் வராது. கொட்டாவி, எரிகிற கண், தொங்குகிற தலை என்று முன்கூட்டியே தகவல் அனுப்பும். வாதம் சரிதான். ஆனால், அதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவுக்கு 14 நாள் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தூங்க அனுமதித்துப் பார்த்தார்கள். 2003-ல் முடிவு வந்தது. நாளுக்கு நாள் அவர்கள் கவனம் சரிந்துகொண்டே போய், இரண்டு இரவு வரை அடியோடு தூங்காதவர்களின் நிலையை எட்டியிருந்தது. இது ஆச்சரியமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், 'தூக்கக் கலக்கம் எப்படி இருக்கிறது?' என்று அவர்களையே கேட்டபோது, 'ரொம்ப மோசமில்லை' என்கிற மாதிரியே சொன்னார்கள். 'எனக்கு ஆறு மணி நேரமே போதும், பழகிடுச்சு' என்று பெருமையாகச் சொல்பவர்களை நமக்கெல்லாம் தெரியுமே! பழகியது உடம்பு இல்லை. பாக்கியைப் பார்க்கிற கண்தான் பழகிப்போய் மங்கிவிட்டது.

தெரிந்தே செய்தால் குற்றம். தெரிந்துகொள்கிற சக்தியையே தூக்கமின்மை தின்றுவிட்டால்?

இங்கே மூன்றாவது வழக்கைக் கொண்டு வருகிறேன். 2013 டிசம்பர் 1, ஞாயிறு காலை, நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதி. மணிக்கு 48 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில், ஒரு பாசஞ்சர் ரயில் 132 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம் புரண்டது. நாலு பேர் இறந்தார்கள். இன்ஜின் டிரைவர் குடிக்கவில்லை. போனில் பேசவில்லை. ஏதோ மயக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது என்றார்.

விபத்துக்குப் பிறகு அவரைத் தூக்கப் பரிசோதனை செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு ஸ்லீப் ஆப்னியா. அதுவும் கடுமையான நிலையில். இந்த வியாதியில், தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழாயின் வழியை அடைத்துக்கொள்ளும். மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறி ஒரு கணம் விழித்து, மூச்சை இழுக்க வைத்துவிட்டு மறுபடி தூங்கும். கடுமையானவர்களுக்கு இது ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் நடக்கும். காலையில் ஒன்றுமே நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தேன் என்பார். பாஸ்புக்கில் எட்டு வரவு இருக்கும். பெட்டியைத் திறந்தால் பணம் இருக்காது. ஊரைக் கூட்டுகிற குறட்டை இதன் முக்கியமான அடையாளம். நம் வீடுகளில் குறட்டை என்றால் சிரிப்பு. 'மாப்பிள்ளை லாரி ஓட்டுறார்' என்று கிண்டல் செய்வோமே தவிர, டாக்டரிடம் கூட்டிப்போக மாட்டோம். 1981-லேயே சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், மூக்கில் மாட்டிய முகமூடி வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தி அந்த அடைப்பைத் திறந்து வைக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த இன்ஜின் டிரைவர் மீது கிரிமினல் வழக்கு போடப் போவதில்லை என்று 2015-ல் அரசு வக்கீல் அறிவித்தார். ஆனால், விபத்தை ஆராய்ந்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், டிரைவரோடு நிறுத்தவில்லை. விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால்தான் அவருடைய ஷிஃப்ட் விடியற்காலைக்கு மாறியிருந்தது, அதுவும் ஒரு காரணம் என்றது. ரயில் கம்பெனி ஊழியர்களுக்குத் தூக்க வியாதி இருக்கிறதா என்று பரிசோதிக்கவே இல்லை, அதுவும் காரணம் என்றது. அப்படிப் பரிசோதிக்கச் சொல்லி அரசாங்கம் விதி போடவில்லை, அதுவும் காரணம் என்றது. 2016-ல் அப்படி ஒரு விதிக்கு முதல் படி எடுத்துவைத்த அமெரிக்க அரசு, 2017-ல் அதைக் கைவிட்டது என்பது தனிக் கதை.

கணக்குப் பதிவியலில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஓரிடத்திலிருந்து பணம் போனால், இன்னோரிடத்தில் அது வந்திருக்க வேண்டும். தூக்கக் கணக்கையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஒருவரின் பேரேட்டில் ராத்திரி நாலு மணி நேரம் பற்று விழுந்தால், அந்த நாலு மணி நேரம் யார் பேரேட்டில் வரவாகியிருக்கிறது?

சிலருக்கு, அவருக்கே. ராத்திரி முழுக்கப் போன், சினிமா, சீட்டாட்டம். அவரே கடனாளி, அவரே அனுபவித்தவர். செல்பி டிரைவர் இந்த வகை. ஐந்து வருடம் நியாயம்தான்.

ஆனால், எல்லோரும் அந்த வகையா?

1984-ல் நியூயார்க்கில் லிபி ஸியான் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட சில மணி நேரங்களில் இறந்துபோனார். அவரைக் கவனித்துக்கொண்டவர்கள் பயிற்சி டாக்டர்கள். 36 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்ப்பது அவர்களுக்கு அப்போது சாதாரணம். அவருடைய அப்பா ஒரு பத்திரிகையாளர், விடவில்லை. 1986-ல் இதை விசாரித்த ஜூரிகள் டாக்டர்கள் மீது கிரிமினல் குற்றம் சாட்டவில்லை. டாக்டர்களை இப்படி வேலை வாங்குகிற முறையைத்தான் குறை சொன்னார்கள். 1989-ல் நியூயார்க் மாகாணம் பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 80 மணி நேரம், ஒரே மூச்சில் 24 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. 80 மணி நேரமே அதிகம்தான். ஆனாலும், 'தூங்கி வழிந்த டாக்டர் யார்?' என்ற கேள்வி அங்கே முதல் தடவையாக, 'அவரைத் தூங்க விடாதவர் யார்?' என்று மாறியது.

அதே கேள்வியை நம் ஊருக்குக் கொண்டு வருவோம். கோயம்பேட்டிலோ கிளாம்பாக்கத்திலோ ராத்திரி பஸ் ஏறுகிறீர்கள். டிரைவரிடம் என்ன கேட்கிறீர்கள்? 'அண்ணே, காலைல ஆறு மணிக்குள்ள போயிடுமா?' என்றுதானே! 'நேத்து ராத்திரியும் நீங்கதான் ஓட்டினீங்களா? பகல்ல எங்க படுத்தீங்க? நல்லாத் தூங்கினீங்களா?' என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, தூர வழியானாலும் பத்தைத் தாண்டக் கூடாது என்று 1961-லேயே நம் நாட்டில் சட்டம் போட்டார்கள். லாரி ஸ்டாண்டில் போய், 'அண்ணே, நீங்க நாளைக்கு எட்டு மணி நேரம்தானே ஓட்டுறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் என்ன போடுகிறோம்? 'டிரைவர் தூங்கியதால் விபத்து.' நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். அந்த ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. பற்றுப் பக்கம் மட்டும் எழுதிய பேரேடு அது. வரவுப் பக்கத்தில் லோடு நேரத்துக்குப் போனால் லாபம் பார்க்கிறவர் இருப்பார், இரண்டாவது டிரைவர் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர் இருப்பார். அரை மணி நேரம் தாமதமானால் சண்டைக்குப் போகிற பயணிகளும் அதே பக்கத்தில்தான் இருப்பார்கள்.

அதற்காக, டிரைவர் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. கண் சொக்கும்போது ஓரம்கட்டாதது அவர் தப்புதான். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தும் டாக்டரிடம் போகாதது தப்புதான். நான் சொல்வது ஒன்றுதான். தூங்கிய கணத்தில் குற்றம் இல்லை. அதற்கு முந்தைய விழிப்பில்தான் இருக்கிறது. அந்த விழிப்பில் அவர் ஒருவர் மட்டும் இருந்ததில்லை. நாமும் இருந்தோம்.

இன்னொரு பேரேடு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரி கடைசியாக லைட்டை அணைப்பவர் யார்? காலையில் முதலில் அடுப்பைப் பற்றவைப்பவர் யார்? பல வீடுகளில் இரண்டு கேள்விக்கும் ஒரே பெயர்தான் பதில். சாயங்காலம் டி.வி. முன்னால் அவர் உட்கார்ந்தபடியே கண் அசந்தால், 'அம்மா சீரியலை மூடின கண்ணாலயே பார்ப்பாங்க!' என்று எல்லோரும் சிரிக்கிறோம். அந்த ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டு டிபன் பாக்ஸில் சுடச்சுட வாங்கிக்கொண்டு போனவர்கள் நாம்தான்.

2011 ஜூன் மாதம் டெல்லி ராம்லீலா மைதானத்தில் போராட்டத்துக்கு வந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களை, நள்ளிரவில் போலீஸ் அடித்து விரட்டியது. அந்த வழக்கில் 2012 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட், தூக்கம் ஒரு மனிதரின் அடிப்படை உரிமை. உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-வது ஷரத்துக்குள் அதுவும் அடக்கம் என்றது. தடியோடு வந்து பறித்தால் மட்டும்தான் உரிமை மீறலா? 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று சிரித்துக்கொண்டே பறித்தால்?

தூங்குகிறவரை எழுப்பிவிடலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவரை எழுப்ப முடியாது என்பார்கள். ஸ்டியரிங் மேல் தலை சாய்ந்துவிட்ட மனிதர் நிஜமாகவே தூங்கியவர். அவர் இரண்டு நாளாகப் படுக்கவில்லை என்று தெரிந்தும் சாவியைக் கையில் கொடுத்தவர், தெரிந்தும் ஏறி உட்கார்ந்தவர்... இவர்கள்தான் நடித்தவர்கள்.

நீதிபதி அவர்களே, தீர்ப்பை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் இல்லை. இன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு, நாளைக்குக் காலையில் எழுதினாலும் போதும். படுக்கப் போவதற்கு முன்னால், சமையல்கட்டில் இன்னும் லைட் எரிகிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.